ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பனி

பார்த்து, பார்த்து! அந்தப் பெட்டிமேல் காலை வைத்துவிடாதீர்கள் அக்கா. மன்னித்துக்கொள்ளுங்கள், கத்திவிட்டேன். காலையிலிருந்து எல்லாரிடமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். முன்சீட்டில் நெருக்கமா, இங்கே வந்துவிட்டீர்கள்? உங்கள் பையை மேலே வைக்கட்டுமா? கொடுங்கள். பெட்டியை நிழல் பக்கம் தள்ளிக்கொள்கிறேன். இந்தப் பக்கம் வெயில் நேராக அடிக்கிறது, உள்ளே இருப்பது தாங்காது.

மீன் இல்லை அக்கா. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கண்டக்டர் கூட, "எம்மா, நாத்தம் வந்துச்சுன்னா இறக்கி விட்டுருவேன்" என்றார். பனிக்கட்டி. வெறும் பனிக்கட்டி. ஆனால் நம் ஊர் ஃபிரிட்ஜில் வைத்த பனிக்கட்டி இல்லை, வடதுருவத்துப் பக்கத்திலிருந்து வந்தது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து விழுந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அந்தப் போலீஸ்காரர் மாதிரி பேசாமல் இருந்தால் போதும். இப்போது இறங்கிப் போய் அவரிடம் சொன்னேன் அல்லவா, சார், இந்தப் பஸ்ஸை மட்டும் விடுங்கள், துருவத்துப் பனிக்கட்டி இருக்கிறது, உருகிவிடும் என்று. "வடதுருவமோ தென்துருவமோ, தலைவர் வண்டி போற வரைக்கும் ஒரு சைக்கிள் கூட நகராது, போய் உக்காரும்மா" என்கிறார். சட்டப்படி எந்தப் பிரிவில் ரோட்டை மறிக்கிறீர்கள் என்று கேட்டேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விசில் ஒரு பதிலா, சொல்லுங்கள்.

திருச்சியில் விடியற்காலையில் ஏறினேன். இந்நேரம் தாம்பரம் தாண்டியிருக்க வேண்டும். விழுப்புரம் தாண்டி இங்கே ஒரு மணி நேரமாக நிற்கிறோம். நியாயமாகப் பார்த்தால் நான் இந்தப் பஸ்ஸிலேயே வந்திருக்கக் கூடாது. ஏசி பஸ்ஸில் சீட் போட்டிருந்தேன். குளுகுளுவென்று போய் இறங்கியிருப்பேன். அந்த டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியில் டிரை ஐஸ் வைத்திருந்தேன், சினிமாவில் கனவுப் பாட்டுக்குப் புகை விடுவார்களே, அது. மூடி இடுக்கில் லேசாகப் புகை வந்தது. "என்னம்மா உள்ள புகையுது? குண்டு கிண்டு வெச்சிருக்கியா?" என்றார். சும்மா விடுவேனா? இது கரியமில வாயு, நீங்கள் விடுகிற மூச்சிலும் இதுதான் இருக்கிறது, அப்படியானால் உங்களையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடலாமா என்று கேட்டேன். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. என்னையும் பெட்டியையும் சமயபுரம் டோல்கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். அதில் சந்தேகமே இல்லை.

டிரை ஐஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், காது வைத்துக் கேட்கிறேன்.

தண்ணீர் சத்தம் மாதிரி கேட்கிறது. உங்களுக்குக் கேட்கிறதா? இல்லை? சரி, பஸ்ஸில் எவனாவது பாட்டிலை ஆட்டியிருப்பான்.

எதற்காக இந்தப் பாடு என்றுதானே பார்க்கிறீர்கள். சொல்கிறேன். சொன்னால் எனக்கும் நேரம் போகும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

புகைபோக்கி பார்த்திருப்பீர்கள். நிலக்கரி எரிக்கிற ஆலை, உருக்காலை, எதுவானாலும் புகையோடு கந்தகம் மேலே போகிறது. மேகத்தில் கரைந்து அமிலமாகிறது. மழையாகக் கீழே விழுகிறது. அதுதான் அமில மழை. ஏரியில் மீன் சாகும், காட்டில் மரம் மொட்டையாகும், கோயில் சிற்பத்தின் மூக்கு கரையும். நம் தலையில் விழுகிற மழை ஆற்றோடு போய்விடும், யார் விட்ட புகை என்று அப்புறம் யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்தக் காற்றில் கொஞ்சம் துருவம் வரைக்கும் போகிறது. அங்கே மழையாக விழாது, பனியாக விழும். விழுந்தது உருகாது. அடுத்த வருஷப் பனி அதன்மேல் விழும். அதன்மேல் அடுத்தது. சுட்டுச் சுட்டு அடுக்கிய தோசை மாதிரி, வருஷத்துக்கு ஒரு அடுக்கு. மேலிருந்து குழாய் போட்டு இறக்கினால் ஒரு நீளக் கட்டி வரும். துண்டு துண்டாக வெட்டி, உருக்கி, கருவியில் விட்டால், எந்த வருஷம் உலகம் எவ்வளவு கந்தகத்தை ஊதித் தள்ளியது என்று தெரிந்துவிடும்.

எந்த அடுக்கு எந்த வருஷம் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? நல்ல கேள்வி அக்கா! நேர்முகத் தேர்வில் கூட இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லை. எரிமலை. பெரிய எரிமலை வெடித்தால் அதுவும் கந்தகம் கக்கும். அது வெடித்த வருஷம் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ண வேண்டியதுதான். எங்களுக்கு எரிமலைதான் மைல்கல்.

இந்தக் கோடு ஏறின கதை உலகத்துக்கே தெரியும். போன நூற்றாண்டு ஆரம்பத்திலிருந்து ஏறுகிறது. பெரிய பொருளாதார வீழ்ச்சி வந்ததே, ஆலைகள் மூடிக் கிடந்த வருஷங்கள், அப்போது கொஞ்சம் இறங்குகிறது. பாருங்கள், மனுஷன் வேலையில்லாமல் பட்டினி கிடந்தது கூடப் பனியில் இருக்கிறது. அப்புறம் யுத்தம் முடிந்து மறுபடி ஏறுகிறது, எழுபதுகள் வரைக்கும். அதன் பிறகு மேல்நாட்டில் சட்டம் போட்டார்கள், இறங்குகிறது. இறங்கினதும் அவர்களுக்கு நியாயம் பேச வாய் வந்துவிட்டது. இப்போது நம்மைப் பார்த்து விரல் நீட்டுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம். ஐந்து வருஷமாக இந்த ஆராய்ச்சியில் உட்கார்ந்திருப்பதே இந்த ஆத்திரத்தில்தான். பனி பொய் சொல்லாது. மனுஷன் சொல்வான், அரசாங்கம் சொல்லும், பனி சொல்லாது.

அந்தப் பனியில்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அந்த அடுக்கில் கோடு திடீரென்று எகிறுகிறது. கந்தகமும் ஏறுகிறது, நைட்ரேட்டும் ஏறுகிறது. பக்கத்து அடுக்கில் ஒன்றுமே இல்லாத மாதிரி கீழே வந்துவிடுகிறது. எரிமலையா என்று பார்த்தேன், அப்படி எதுவும் பொருந்தவில்லை. அப்படியானால் என்ன? எவனோ எங்கேயோ பெரிதாக எதையோ எரித்திருக்கிறான், இல்லை வெடிக்கவிட்டிருக்கிறான், வெளியே சொல்லாமல் மூடி மறைத்திருக்கிறான். திடீரென்று ஏறித் திடீரென்று இறங்கினால் அது ஒரு குற்றம் அக்கா. வழக்கமான புகை அப்படி வராது.

கட்டுரை எழுதினேன். மாநாட்டுக்கு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். பேப்பரில் கூட வந்தது, "துருவப் பனியில் மறைந்திருந்த ரகசியம்" என்று தலைப்புப் போட்டு என் போட்டோவோடு. லால்குடியில் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்தத் துண்டை லேமினேட் பண்ணிக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். காலையில் சாமி படத்துக்குப் போடுகிற பூவில் ஒரு துண்டு கிள்ளி அதன்மேலும் வைக்கிறாராம். துவரம்பருப்பு வாங்க வருகிறவர்களிடம், "நம்ம பூங்குழலி வடதுருவத்துல ஒரு திருட்டைக் கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்கிறார். அம்மா போனில் சொன்னாள்.

திங்கட்கிழமை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதப் போகிறார் என் கைடு.

குலசேகரன் சார். கெட்டவர் இல்லை. கோழை. வெளிநாட்டுக்காரர்கள் பனிக்கட்டி கொடுத்தார்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது, அதுதான் விஷயம். ஆனால் அதை வெளியே சொல்வாரா? வேறு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார். கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

என்னை அறைக்குக் கூப்பிட்டார். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், "இந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் துண்டெல்லாம் என்னிக்கும்மா உருக்குனே?"

அந்தக் கேள்வியைக் கவனித்தீர்களா? பனி அறுபது வருஷத்துக்கு முந்தையது. நான் என்றைக்கு உருக்கினால் என்ன? நான் அப்படியே கேட்டேன். அவர், "சொல்லும்மா" என்றார்.

"தீபாவளியன்னிக்கு சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், லேபில் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் பண்டிகை உண்டு, எனக்குத்தான் கிடையாது. பட்டாசு வெடிக்கிற நாளில் நான் மூச்சு விடுவதைக் கூடக் குறைத்துக்கொள்வேன். நான்கு வருஷமாகக் கேம்பஸில் பட்டாசுக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறேன். ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போஸ்டர் ஒட்டியது நான்தான்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "பூங்குழலி, கந்தகமும் நைட்ரேட்டும், அதான் வெடியுப்பு, ஒண்ணா ஏறுது. கூடவே பொட்டாசியமும் ஏறுது. இது மூணும் சேர்ந்தா என்னம்மா?"

"அமில மழை சார், கூட ஒரு காட்டுத்தீ" என்றேன்.

"பட்டாசும்மா" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஐந்து வருஷ உழைப்பு. வடதுருவம். ஐம்பத்தெட்டாம் வருஷம். அது எல்லாம் போன தீபாவளிக்குத் திருச்சியில் வெடித்த பட்டாசுப் புகையாம்!

நான் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். பட்டாசு தெருவில் வெடிக்கிறது, லேப் இரண்டாவது மாடி, புகை எப்படி சார் வரும் என்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, மேஜை இழுப்பறையிலிருந்து என் போஸ்டரையே எடுத்தார். என் கையெழுத்து. "ஒரு சரத்தின் புகை மூடிய ஜன்னலுக்குள்ளும் வரும். நீ குடிக்கும் தண்ணீரிலும் கரையும்." அதை வாசித்துக் காட்டினார். "நீதானே எழுதினே?"

அது வேறு, இது வேறு சார் என்றேன். அது முதலாம் ஆண்டுப் பையன்களுக்கு. இது விஞ்ஞானம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பலாமா? நீங்களே சொல்லுங்கள் அக்கா. ஒரு பிரசாரத்தில் நாலு வார்த்தை கூடக்குறையச் சொல்வோம்தான்.

"கிளீன் பெஞ்ச் ஓடுச்சா?" என்று அடுத்த கேள்வி. அது ஒரு கண்ணாடிக் கூண்டு அக்கா, வடிகட்டின காற்று ஓடும், அதற்குள் வைத்துத்தான் பனியை உருக்குவோம். அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் குளிர் அறையும் பெஞ்சும் இரண்டும் ஓட்டினால் அது இழுக்காது. நான் குளிர் அறையைக் காப்பாற்றினேன். உள்ளே அத்தனை வருஷப் பனியும் இருக்கிறது, அதை உருகவிட முடியுமா? வேறு யாராவது இருந்திருந்தால் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் இருந்தேன். அதற்கு ஒரு நன்றி இல்லை, "அப்ப பெஞ்ச் ஓடலை" என்று குறித்துக்கொள்கிறார்.

"ஜன்னல் எல்லாம் மூடித்தானே இருந்துச்சு?"

மூடித்தான் இருந்தது சார் என்றேன்.

மூடித்தானே இருந்தது. அந்த அரை மணி நேரம் தவிர.

அதை ஏன் கேட்கிறீர்கள். அந்தப் பையன்கள் இருக்கிறார்களே, எம்.எஸ்சி. பையன்கள், ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் தங்கினவர்கள். என் போஸ்டர் மேல் அவர்களுக்கு ஆத்திரம். வேண்டுமென்றே, வேண்டுமென்றே அக்கா, மைதானம் அவ்வளவு பெரிதாகக் கிடக்கிறது, அங்கே போகாமல் நேராக எங்கள் லேப் ஜன்னலுக்குக் கீழே வந்தார்கள். "பூங்குழலியக்காவுக்கு ஒரு ஸ்பெஷல்!" என்று ஒருத்தன் கத்தினான். பத்தாயிரம் வாலா. கொளுத்திவிட்டார்கள்.

விட்டுவிடுவேனா? ஜன்னலைத் திறந்தேன். திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன் பாருங்கள் கேள்வி! டேய், நுரையீரல் உன் அப்பன் வீட்டுச் சொத்தா? இந்தக் காற்று யாருடையது? ஒரு சரத்துப் புகை எத்தனை மணி நேரம் நிற்கும் தெரியுமா? ஒருத்தன், "அக்கா, ஒரே ஒரு சரம்தான்க்கா" என்றான். ஒன்றா, ஒன்று போதும்டா என்றேன். அவன் இன்னொன்று கொளுத்தினான். நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவர்கள் மறுபடி கொளுத்தினார்கள். அரை மணி நேரம். முகமெல்லாம் புகை. எதிரே இருந்த வேப்பமரம் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர்கள்தான் போனார்கள், நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன்.

பாட்டில்களா? பாட்டில்கள் பின்னால் மேஜைமேல் இருந்தன. பனி உருகிக்கொண்டிருந்தது. மூடியை லேசாகத்தான் திருகி வைப்போம். நான் முதுகால் மறைத்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜன்னல் விஷயம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதைப் பிடித்துக்கொள்வார். உண்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பிடித்துக்கொள்வார். அவர் அப்படிப்பட்டவர். வெறுந்தண்ணீர் விஷயத்தையே பாருங்களேன். பனியோடு கூடச் சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டில் வைப்போம், ஒப்பிட்டுப் பார்க்க. அதில் எதுவும் இருக்கக் கூடாது. அன்றைக்கு அதிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. பாட்டில் சரியில்லை என்று நான் தூக்கிப் போட்டுவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதற்குப் போய், "அதை ஏம்மா தூக்கிப் போட்டே" என்று மூன்று தடவை கேட்கிறார்.

கடைசியில், "எனக்கும் இது உண்மையா இருந்தா சந்தோஷம்தாம்மா" என்றார். குரல் கூட ஒரு மாதிரி ஆகிவிட்டது. நடிப்பு. "கட்டியில பாதியை அறுத்து பத்திரமா வெச்சிருக்கோம்ல. கட்டுரையை இப்ப திரும்ப வாங்கிக்கலாம். ஜூன்ல பெஞ்சுக்குப் புது ஃபில்டர் வந்துடும். நானும் நீயும் பக்கத்துல இருந்து மறுபடி அளக்கலாம். அதுல அந்த ஏத்தம் இருந்துச்சுன்னா நானே மேடை ஏறிச் சொல்றேன்."

ஜூனில்! ஜூன் வரைக்கும் அந்தப் பாதி அங்கே இருக்கும் என்று என்ன நிச்சயம்? காணாமல் போகும். கரண்ட் போச்சு, உருகிப் போச்சு என்பார். எங்களிடம் அந்த அடுக்கு இருப்பது இந்த ஒரு கட்டியில்தான். நான் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய சாட்சி அது ஒன்றுதான். ஒரு முழ நீளம், அதற்குள் ஐம்பத்தெட்டு நடுவில் இருக்கிறது. அதைப் போய் அவர் கையில் விட்டுவைப்பேனா?

எடுத்துவிட்டேன்.

திருட்டு என்று சொல்லாதீர்கள் அக்கா. பாதுகாப்பு. சென்னையில் என் சிநேகிதி பிரிசில்லா இருக்கிறாள், வேறொரு ஆராய்ச்சி நிலையத்தில். அதே கருவி இருக்கிறது. இன்று நான்கு மணி வரைக்கும் அதில் அவள் பெயரில் நேரம் ஒதுக்கியிருக்கிறது. நாளைக்கு அவள் பிரசவத்துக்கு நாசரேத் போகிறாள், அப்புறம் யார் என்னை உள்ளே விடுவார்கள்? அவள் கூட நேற்றுப் போனில், "லூசு, மே மாசத்துல ஐஸை பஸ்ல தூக்கிட்டு வர்றியா, உங்க சார்ட்ட சொல்லிட்டு ஜூன்ல பாருடி" என்றாள். அவளுக்கு என்ன, அவளுடைய கோடு ஒழுங்காகத்தானே ஏறி இறங்குகிறது.

இது போய்விட்டால் என்னிடம் எதுவும் இல்லை. அப்பா கடைக்கு நான் எப்படிப் போவேன்? பூ வைத்திருக்கிறார் அக்கா, அந்தப் படத்துக்குப் பூ வைத்திருக்கிறார். அப்பா, அது வடதுருவம் இல்லையாம், தீபாவளியாம் என்று அவரிடம் யார் சொல்வது?

உருகக் கூடாது. உருகினால் எல்லா வருஷமும் ஒரே தண்ணீர். அதுவும் வெளிப்பக்கம் ரம்பம் பட்டது, கை பட்டது. அந்தத் தோலைச் சீவிவிட்டு உள்சதையைத்தான் அளக்க வேண்டும். உருகிவிட்டால் தோல் எது, சதை எது?

என்ன, எங்கே போகிறீர்கள்? கரும்புச்சாறு வண்டியா? ஐஸா? வேண்டாம் அக்கா, அது எந்தத் தண்ணீரில் போட்ட ஐஸோ. இல்லை, இருங்கள். போங்கள். போய் வாங்கி வாருங்கள். உங்கள் தூக்கிலேயே வாங்குங்கள். கட்டியாகக் கேளுங்கள், உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடுங்கள் அக்கா.

வந்துவிட்டீர்களா! சும்மாவா கொடுத்தார்? ஆஸ்பத்திரிக்குப் போகிற மருந்து என்று சொன்னீர்களா? பொய்தான், ஆனால் பாருங்கள், உங்களுக்கு ஐஸ் கிடைத்தது. நான் போயிருந்தால் துருவம் என்று ஆரம்பித்திருப்பேன்.

திறக்கிறேன். அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐயோ.

இருக்கிறது, இருக்கிறது. முழுதும் போகவில்லை. முழங்கை கனம் இருந்தது, இப்போது இவ்வளவுதான் இருக்கிறது. பையின் அடியில் தண்ணீர் நிற்கிறது. பையைத் தொடாதீர்கள், உங்கள் கையில் உப்பு இருக்கும், வியர்வை. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் கையிலும்தான் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கையுறை. முடிச்சு தளர்ந்துவிட்டது. இதை இப்படியே வைத்தால் கரும்புச்சாற்று ஐஸ் உருகி உள்ளே போய்விடும். அவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டு நிமிஷம். வெயிலை மறையுங்கள், துப்பட்டாவைப் பிடியுங்கள், அவ்வளவுதான். பாருங்களேன், எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது. உள்ளே குமிழி தெரிகிறதா? அந்தக் குமிழியில் அந்தக் காலத்துக் காற்று. நான் பிறக்காத, அப்பா கூடப் பிறக்காத காலத்துக் காற்று. இந்த நடுப்பகுதிதான். இதுதான் அது. இதோ இப்போது கட்டிவிடுகிறேன், இந்தக் கயிறு ஏன் இப்படி வழுக்குகிறது.

என்ன சத்தம்? வந்துவிட்டாரா? தலைவரா? கொடி தெரிகிறது. கொடியை ஆட்டட்டும், கோஷம் போடட்டும், எனக்கு என்ன.

அவன் என்ன செய்கிறான்? அந்தச் சிவப்புச் சட்டைக்காரன். ரோட்டில் எதை விரிக்கிறான்? அக்கா, அது சரம். அது சரம் அக்கா!

டேய்! கொளுத்தாதே! ஏய்! அண்ணே, அண்ணே, வேண்டாம்ணே!

ஜன்னலைச் சாத்துங்கள்! எல்லாரும் சாத்துங்கள்! தாத்தா, அந்த ஷட்டரை இறக்குங்கள். இறங்காவிட்டால் குத்துங்கள், காலால் உதையுங்கள்! புகை உள்ளே வருகிறது. அக்கா, மூடியை எடுங்கள், இந்தப் பக்கம், இந்தப் பக்கம் மூடுங்கள். பை திறந்திருக்கிறது! உங்கள் முந்தானையைப் போடுங்கள். நான் மேலே படுத்துக்கொள்கிறேன். இடுக்கு விடாதீர்கள். ஒரு பொட்டுப் புகை பட்டால் போதும் அக்கா, ஒரு பொட்டு போதும், எல்லாம் போய்விடும், தண்ணீரில் அப்படியே கரைந்துவிடும், அப்புறம் எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. எது அந்த வருஷம் எது இந்தப் புகை என்று யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒன்றா, ஒன்று போதும்! மூடுங்கள், இன்னும் இறுக்கி மூடுங்கள்...

நின்றுவிட்டதா? வெடிப்பது நின்றுவிட்டதா?

கையை எடுக்காதீர்கள். புகை நிற்கும். சத்தம் நின்றாலும் புகை அரை மணி நேரம் நிற்கும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அது வேறு அக்கா. அன்றைக்கு ஒரு ஜன்னல்தான். இங்கே பஸ் முழுக்க ஜன்னல். அது இரண்டாவது மாடி. இது தரை. அன்றைக்கு நான் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மூடி லேசாக, லேசாகத்தான்...

பஸ் கிளம்புகிறது பாருங்கள். கிளம்பிவிட்டது. மணி என்ன? நான்குக்குள் போய்விடலாம். போய்விடலாம் இல்லையா?

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? ஏதாவது சொல்லுங்கள் அக்கா. எதிர்த்துத்தான் சொல்லுங்களேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நான் பதில் வைத்திருக்கிறேன்.